இரண்டாவது லைன் ஏன் சும்மா கிடக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1988இல் ஏஎஸ்/400 என்று வந்த கணினிக் குடும்பம் இன்றும் ஐபிஎம் ஐ என்ற பெயரில் பவர் சர்வர்களில் கணக்கு, கிடங்கு, பில்லிங் வேலைகளைச் சுமக்கிறது. முதன்மைக் கணினிக்கும், அது பழுதானால் கைகொடுக்கும் மாற்றுக் கணினிக்கும் நடுவே இரண்டு தொடர்பு லைன் போட்டுவைத்த நிறுவனங்களில் அடிக்கடி ஒரு குறை தென்படுகிறது. ஒரு லைன் நாள் முழுக்க நிரம்பி வழிகிறது, இன்னொன்று காலியாகக் கிடக்கிறது. கட்டணம் மட்டும் இரண்டுக்கும் போகிறது. உடனே மூன்றாவது லைனுக்கு விலைப்புள்ளி கேட்கிறார்கள். அதற்கு முன், எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் வழித்தட அட்டவணையைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

லைனில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்து ஐபிஎம் ஐ வழி தேர்வதில்லை. போய்ச்சேர வேண்டிய முகவரியைத்தான் பார்க்கிறது. 255.255.255.255 மாஸ்க் (முகவரியில் எவ்வளவு பகுதியை ஒப்பிடுவது என்று சொல்லும் எண்) கொண்ட தனி முகவரிக்கான வழி இருந்தால் அதுதான் முதலில், அடுத்து சப்நெட் (முகவரிக் குழு), எதுவும் பொருந்தாவிட்டால் கடைசியாக டீஃபால்ட் ரூட் (பொதுவழி). இரண்டு லைனின் இன்டர்ஃபேஸையும் (லைனுக்கு நம் கணினியில் கொடுத்த ஐபி முகவரி) ஒரே சப்நெட்டில் வைத்துவிட்டால் கணினிக்கு இரண்டும் ஒன்றுதான், முதலில் பொருந்துவதே எல்லாச் சுமையையும் வாங்கிக்கொள்ளும்.

ஆகவே லைனுக்கு ஒரு சப்நெட் என்று பிரிப்பதுதான் அடிப்படை வேலை. இரு கணினிகளும் நேரடியாக இணைந்திருந்தால் 255.255.255.252 மாஸ்க் போதும். முதல் லைனுக்கு 10.10.1.1, 10.10.1.2, இரண்டாவதற்கு 10.10.2.1, 10.10.2.2. பயனர்களின் டெல்நெட் (தொலைத் திரை), டிடிஎம் (வேறு கணினியின் கோப்பைப் பயன்படுத்தும் வசதி) போன்றவை முதல் ஜோடியில் போகட்டும். தரவு மாற்றங்களை மாற்றுக் கணினிக்கு அனுப்பும் ரிமோட் ஜர்னல் போன்ற நகல் வேலைக்கு 10.10.2.2 என்று முகவரியைக் குறிப்பிட்டுவிட்டால், தனியாக ரூட் எதுவும் எழுதாமலே அது இரண்டாவது லைனில் போகும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். தொலைத் தரவுத்தளங்களின் முகவரியை வைத்திருக்கும் ஆர்டிபி டைரக்டரி பதிவில் முகவரிக்குப் பதில் கணினியின் பெயரைக் கொடுத்துவிடுகிறார்கள். பெயருக்கு முகவரி சொல்லும் ஹோஸ்ட் டேபிளில் அந்தப் பெயருக்கு நேரே முதல் லைனின் முகவரி இருக்கும். பிறகு வேறு எதை மாற்றினாலும் சுமை நகராது.

நடுவே ரவுட்டர்கள் இருந்தால் எதிர்முனையின் நகல் முகவரிக்கு மட்டும் ஒரு ஹோஸ்ட் ரூட் (அந்தத் தனி முகவரிக்கான வழி) சேர்க்க வேண்டும். டிசிபி/ஐபி அமைப்புக்கான சிஎஃப்ஜிடிசிபி (CFGTCP) மெனுவில் 2ஆம் தேர்வு. அடுத்த தாவலாக (தரவு முதலில் போய்ச்சேரும் இடம்) இரண்டாவது லைனின் ரவுட்டரைக் கொடுத்து, பிரிஃபர்டு பைண்டிங் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் அந்த லைனுக்குரிய நம் முகவரியை எழுத வேண்டும். அதை யாரும் நிரப்பாவிட்டால் எந்த இன்டர்ஃபேஸில் கட்டுவது என்பதைக் கணினியே முடிவு செய்துகொள்ளும்.

இதே வேலையை எதிர்முனைக் கணினியிலும் செய்ய வேண்டும், இது கட்டாயம். நாம் அனுப்புவதை மட்டுமே நம் அட்டவணை தீர்மானிக்கும். பதில் எந்த வழியில் திரும்பும் என்பது அங்குள்ள அட்டவணையின் கையில். போனது இரண்டாவது லைன், வந்தது முதல் லைன் என்றானால் இணைப்பின் நிலையைக் கவனிக்கும் ஃபயர்வால் அந்தத் தரவுத் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளைத் தூக்கி எறியும். பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்ற சோதனை) ஒழுங்காக வரலாம், எஃப்டிபி (கோப்பு அனுப்பும் வசதி) மட்டும் தொங்கும். ஃபயர்வாலில் விதி சேர்த்துக்கொண்டே இருப்பது இதற்குத் தீர்வாகாது.

"இரண்டிலும் சமமாகப் பிரித்துவிடலாமே" என்பார்கள். வசதி இருக்கிறது. ஒரே இலக்குக்கு இரண்டு ரூட் எழுதி, டூப்ளிகேட் ரூட் பிரையாரிட்டி என்ற முன்னுரிமை எண்ணை இரண்டுக்கும் 5க்கு மேல் ஒரே எண்ணாக வைக்கலாம். வரம்பு 1 முதல் 10. இயல்பான மதிப்பு 5, அதை அப்படியே விட்டால் பங்கீடு நடக்காது. ஆனால் பங்கிடப்படுவது இணைப்புகள்தான், பாக்கெட்டுகள் அல்ல. நூறு சிறிய இணைப்புகள் என்றால் நன்றாகப் பிரியும். இரவெல்லாம் ஓடும் ஒரே நகல் இணைப்பு ஒரே லைனில்தான் ஓடும். 8 போர்ட் வரை ஒன்றாகக் கட்டும் லிங்க் அக்ரிகேஷனிலும், ஒரு இணைப்பின் பாக்கெட்டுகள் வரிசை குலையாதிருக்க வழக்கமாக ஒரே போர்ட்டில்தான் போகும். வட்டிலுள்ள தரவை இன்னொரு கணினியில் அப்படியே வைத்திருக்கும் ஜியாக்ரஃபிக் மிரரிங் விதிவிலக்கு: ஒரு முனைக்கு 4 டேட்டா போர்ட் முகவரி வரை கொடுக்கலாம், சுமையை அதுவே பரப்பிக்கொள்ளும். அது இல்லாத இடத்தில், இரண்டு லைன் மட்டும் இருக்கும்போது, சமப் பங்கீட்டைவிட வேலைவாரியாகப் பிரிப்பதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. எந்த லைனில் எது போகிறது என்று தெரிந்தால்தான் பழுதைத் தேட முடியும்.

லைன் காலியாக இருந்தும் நகல் மெதுவாக ஓடுகிறதா? டிசிபி பஃபரை, அதாவது அனுப்பும், பெறும் தரவைத் தாங்கும் நினைவிடத்தைப் பாருங்கள். 65,535 பைட் பஃபர், போய்த் திரும்ப 20 மில்லி செகண்ட் என்றால் ஒரு இணைப்பு நொடிக்குச் சுமார் 26 மெகாபிட்டைத் தாண்டாது, லைன் 100 மெகாபிட்டாக இருந்தாலும். அதை நிரப்ப 2,50,000 பைட்டாவது வேண்டும். அனுப்பும் பஃபர், பெறும் பஃபர் இரண்டையும் இரு முனையிலும் உயர்த்த வேண்டும்.

லைன் முகவரியில் கட்டிய இணைப்பு லைனோடு சேர்ந்து செத்துவிடும். தடையில்லாமல் ஓட வேண்டியவற்றுக்கு இரு முனையிலும் எந்த லைனோடும் கட்டப்படாத விர்ச்சுவல் ஐபி முகவரி வைத்து, அதற்கு இரண்டு லைன் வழியாகவும் ரூட் எழுதி, பிரதான லைனுக்கு அதிக முன்னுரிமை எண்ணும் மாற்று லைனுக்குக் குறைந்த முன்னுரிமை எண்ணும் தர வேண்டும். ஒரு எச்சரிக்கை: ரவுட்டர் செத்துவிட்டதா என்று பார்க்கும் டெட் கேட்வே டிடெக்ஷன் விசாரிப்பது அடுத்த தாவலை மட்டுமே, அதுவும் நிமிடக் கணக்கில். நம் ரவுட்டர் உயிரோடு இருந்து, அதற்கு அப்பால் லைன் அறுந்தால் கணினிக்குத் தெரியாது. அந்தப் பொறுப்பை ரவுட்டர்கள் தமக்குள் பேசும் ரூட்டிங் நெறிமுறையிடம் விட வேண்டும்.

இந்தக் கணினிகளில் டிசிபி பரவும் முன்பே, ஐபிஎம்மின் பழைய வலையமைப்பு முறையான ஏபிபிஎன் இதை அழகாகச் செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஜோடிக் கணினிகளுக்கு நடுவே டிரான்ஸ்மிஷன் குரூப் எண் கொடுத்துப் பல லைன்களைப் பிரித்து, உடனடிப் பரிமாற்றத்துக்கு ஒரு மோட் (இணைப்பின் தன்மையைச் சொல்லும் அமைப்பு), மொத்த வேலைக்கு ஒரு மோட் என்று சர்வீஸ் வகையைச் சொன்னால் போதும். வேகம், தாமதம், செலவு, பாதுகாப்பு இவற்றை எடைபோட்டு லைன் தேர்ந்தது. இன்று அந்த எடைபோடும் வேலை நிர்வாகியின் தலையில்.

மாற்றம் முடிந்ததும் சரிபார்க்க: பிங் கட்டளையில் மூல முகவரியாக ஒவ்வொரு லைனின் முகவரியையும் தனித்தனியே கொடுத்துப் பாருங்கள். நெட்ஸ்டாட் (NETSTAT) கட்டளையில் 3ஆம் தேர்வு இணைப்புகளைக் காட்டும். நகல் இணைப்பின் விவரத்தில் உள்ளூர் முகவரி நம் முனையில் 10.10.2.1 என்றும் எதிர்முனையில் 10.10.2.2 என்றும் இருக்க வேண்டும். இதை இரு கணினிகளிலும் பார்க்க வேண்டும், ஐபிஎல் (கணினியை மறுபடி தொடங்குவது) செய்த பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டு லைனும் ஒரே அடாப்டரின் இரண்டு போர்ட்டிலோ ஒரே ஸ்விட்சிலோ போய் முடிகின்றனவா என்பதைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, கேபிளைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பணியிலுள்ள வாசகர்கள்