ஒரே தாளில் எழுதியவர்களுக்கு நன்றி

மதிப்புக்குரிய வைத்தியர்களுக்கும், தாதியருக்கும், சிகிச்சையாளர்களுக்கும், எம் ஊராருக்கும்,

மூளை அழற்சியால் வலப்பக்கம் தளர்ந்து, பேச்சும் குழறிய நிலையில் எங்கள் எட்டு வயது மகளை வைத்தியசாலையின் சிறுவர் விடுதியில் சேர்த்தபோது, "எப்போது நடப்பாள்?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்க எமக்குத் தெரிந்திருக்கவில்லை. முதல் வாரங்களில் ஆளுக்கொரு விடை கிடைப்பதாகவே தோன்றியது.

பின்னர் நீங்கள் எல்லோரும் எம்மையும் அழைத்து ஒரே தாளைச் சுற்றி அமர்ந்தீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்றுக்கொண்ட செயற்பாட்டு வகைப்பாட்டைத் தழுவிய அத்தாளில் உடலின் தொழிற்பாடு, பிள்ளை செய்யும் கருமங்கள், பிறரோடு அவள் பங்கெடுப்பது, அவளைச் சுற்றியுள்ள சூழல் எல்லாமே இடம்பெற்றிருந்தன. விடுதியின் வழுவழுப்பான தரையில் அவளால் இயன்றதை ஒரு விதமாகவும், வீட்டில் அவள் உண்மையில் செய்வதை வேறு விதமாகவும் எழுத வேண்டும் என்று விளக்கிய இயன்மருத்துவர், எங்கள் முற்றத்தைப் பற்றிக் கேட்டார். இரணைமடுக் குளத்துக்குக் கீழுள்ள எங்கள் ஊரில் மாரியில் முற்றம் சேறாவதும், கிணற்றடிக்குப் போகும் வழி வழுக்குவதும் வைத்தியசாலையில் சொல்லத்தக்க விடயங்கள் என்று நான் எண்ணியதே இல்லை. இடர் இல்லையென்றால் 0, முழுமையான இடர் என்றால் 4 என்ற கணக்கில், விடுதியில் 2 ஆக இருந்த நடை எங்கள் முற்றத்தில் 4 ஆனது. சேறு தடையாகவும், அவளை விட்டு அகலாத அம்மம்மா துணையாகவும் எழுதப்பட்டார்கள். அன்றுதான் பிள்ளையின் காலை மட்டும் பார்த்துக் கொண்டிருந்த எம் கண்கள் வீட்டையும் பார்த்தன.

தொழில்வழிச் சிகிச்சையாளர் என்னைக் கேட்காமல் மகளையே கேட்டார். பள்ளியில் தோழியோடு ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்றாள். அதுவே முதல் இலக்காயிற்று. பேச்சுச் சிகிச்சையாளர் தோழியின் பெயரிலிருந்தே பயிற்சியைத் தொடங்கினார். இடது கையால் எழுதவும் பழக்கினார்கள். தாளின் பிரதி ஒன்று வகுப்பாசிரியைக்குப் போனதும், பெற்றோர் சிரமதானம் செய்து வகுப்பறைப் படிக்குச் சீமெந்துச் சாய்தளம் அமைத்தார்கள்.

ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஏ-9 வீதியால் எம்மை ஏற்றிச் சென்று கூலி வாங்க மறுத்த ஓட்டோச் சகோதரருக்கும் எமது நன்றி.

வலது கைவிரல்கள் இன்னும் விரியவில்லை. ஆனால் அவளுடைய தந்தை கிணற்றடி வரை கொங்கிறீற் பாதை போட்டுவிட்டார். அடுத்த கிளினிக்கில் தாளில் எங்கள் முற்றத்து நடையைப் பற்றிய வரியை நீங்கள் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

இவ்வண்ணம்,
நன்றியுடன் ஒரு தாய்,
கிளிநொச்சி மாவட்டம்.