கோழி வைரஸும் நம் புற்றுநோயும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விலங்குகளுக்கு வைரஸால் வரும் புற்றுநோய் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோழிக்கும் பூனைக்கும் சர்கோமா என்னும் புற்றுக்கட்டியை உண்டாக்கும் வைரஸ்கள் உண்டு என்று அதில் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அதை வைத்து, கோழிப் பண்ணை அருகே குடியிருப்பதும் வீட்டில் பூனை வளர்ப்பதும் ஆபத்து என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் காலமெல்லாம் கோழிகளுக்கு வைத்தியம் பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கட்டுரை முக்கியச் சான்றாகக் காட்டுவது அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் பெய்ட்டன் ரவுஸின் ஆய்வை. 1909-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்துக்கு, நெஞ்சில் பெரிய கட்டியோடு ஒரு பிளைமவுத் ராக் கோழி வந்து சேர்ந்தது. ரவுஸ் முதலில் அந்தக் கட்டியைத் துண்டு துண்டாக எடுத்து மற்ற கோழிகளின் உடம்பில் வைத்துப் பார்த்தார். அதே வளர்ப்பில் பிறந்த நெருங்கிய உறவுக் கோழிகளில் மட்டுமே அது பிடித்தது. சந்தையில் வாங்கிய அதே ரகக் கோழிகளில்கூடப் பிடிக்கவில்லை. புறாவிலும் கினிப்பன்றியிலும் பிடிக்கவில்லை. பிறகுதான் கட்டியை அரைத்து, உயிரணுவும் பாக்டீரியாவும் நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றாலேயே கட்டி வரும் என்று 1911-ல் காட்டினார். கட்டுரையாளர் இரண்டாவது பாதியை எழுதிவிட்டு முதல் பாதியை விட்டுவிட்டார். பக்கத்துப் பண்ணைக் கோழிக்கே எளிதில் தாவாத ஒன்று, தெருவில் போகிற மனிதரைப் பிடிக்கும் என்ற எண்ணம் வாசகருக்கு வந்தது அதனால்தான்.

எங்கள் பண்ணைகளில் கண்ணெதிரே பார்ப்பது மேரக்ஸ் நோய். அது சர்கோமா இல்லை, ஹெர்பிஸ் வகை வைரஸால் வரும் நிணநீர்ப் புற்று. ஒரு காலை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் நீட்டியபடி கோழி எழ முடியாமல் கிடக்கும். அறுத்துப் பார்த்தால் ஈரல் வீங்கி, மேலெல்லாம் வெளிறிய கட்டிகள் இருக்கும். தொடை நரம்பு ஒரு பக்கம் மட்டும் பருத்திருக்கும். இதற்காகத்தான் பொரிப்பகத்திலேயே, ஒரு நாள் குஞ்சின் கழுத்துத் தோலுக்கடியில் தடுப்பூசி போட்டு அனுப்புகிறார்கள். இந்த வைரஸோ ரவுஸ் கண்ட வைரஸோ மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக நிறுவப்பட்டதில்லை.

மனிதருக்குச் சர்கோமா தரும் வைரஸ் அறவே இல்லையா என்றால், இருக்கிறது. 1872-ல் வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி விவரித்த, தோலில் கருஞ்சிவப்புத் திட்டுகளாகத் தோன்றும் ‘கபோசி சர்கோமா’ என்னும் கட்டிக்குக் காரணம் அது. 1981-ல் நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் இளைஞர்களுக்கு அந்தக் கட்டி திடீரென்று வந்தது, எய்ட்ஸ் என்ற நோய் வெளியே தெரிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். 1994-ல் யுவான் சாங், பேட்ரிக் மூர் என்ற ஆய்வாளர் தம்பதி அந்தக் கட்டிக்கான வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அது மனிதரிடமிருந்து மனிதருக்கு, பெரும்பாலும் எச்சில் வழியாகப் பரவுவது. கோழிக்கும் பூனைக்கும் அதில் பங்கில்லை. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி வருவதுமில்லை. நோய் எதிர்ப்பு ஆற்றல் சரியும்போதுதான் அது தலைதூக்குகிறது, எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து எடுக்கத் தொடங்கினாலே பலருக்குத் திட்டுகள் சுருங்கிவிடுகின்றன. மற்றபடி எலும்பிலும் தசையிலும் வரும் சர்கோமாக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வைரஸ் காரணமே இல்லை.

பூனை விஷயத்துக்கு வருகிறேன். பூனை ரத்தப்புற்று வைரஸ், சில சமயம் தான் புகுந்த பூனையின் மரபணு ஒன்றையே திருடிக்கொண்டு சர்கோமா வைரஸாக மாறிவிடுகிறது. ரவுஸின் கோழி வைரஸில் உள்ள புற்று மரபணுவும் கோழியினுடையதுதான் என்று 1976-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பிஷப், வார்மஸ் ஆகியோரின் குழு காட்டியது. அவர்கள் இருவருக்கும் 1989-ல் நோபல் பரிசு கிடைத்தது. (ரவுஸ் பாவம், தன் நோபலுக்கு 87 வயது வரை, 1966 வரை காத்திருந்தார்.) 1986-ல் ஒரு பூனைச் சர்கோமா வைரஸிலிருந்து நியூயார்க்கில் பெஸ்மர் குழு ‘கிட்’ என்ற மரபணுவைப் பிரித்தெடுத்தது. இரைப்பை, குடல் சுவரில் வரும் ‘ஜிஸ்ட்’ என்னும் மனிதச் சர்கோமாவில் பழுதாவது பெரும்பாலும் இதே மரபணுதான் என்று 1998-ல் ஜப்பானியர் கண்டார்கள். வழக்கமான கீமோதெரபிக்கு அசையாத அந்தக் கட்டி, பழுதான ‘கிட்’டின் வேலையைத் தடுக்கும் இமாடினிப் மாத்திரைக்குப் பணிந்தது. 2002-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

அந்த மாத்திரையின் கதையில் நம் சென்னைக்கும் இடமுண்டு. அதைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006-ல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1-ல் அந்த மறுப்பு உறுதியானது. அந்நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் ஆன நிலையில், இந்தியத் தயாரிப்பு பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைத்தது. பூனை வைரஸைப் பற்றி எழுத இடம் இருந்தபோது இதில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாமே ஐயா!

எனக்கு வருத்தம் கட்டுரையோடு நிற்கவில்லை. இங்கே ஒரு பண்ணைத் தொழிலாளியின் மகனுக்கு முழங்கால் எலும்பில் சர்கோமா. அப்பன் கோழிக்கொட்டகையில் வேலை செய்வதால் வந்ததென்று சொல்லி, அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளை அந்த வீட்டுக்கு அனுப்புவதில்லை. சிகிச்சைக்கு அலையும் அந்தத் தாய் இதையும் சேர்த்துச் சுமக்கிறாள். அப்படிப்பட்டவர்கள் கையில் தங்கள் இதழ் கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். சர்கோமா நோயாளியோடு சேர்ந்து உண்பதாலோ உறங்குவதாலோ யாருக்கும் அந்தப் புற்று ஒட்டாது என்பதைத் தெளிவாகப் போடுங்கள். கை, கால், தொடையில் வலியே இல்லாவிட்டாலும் வளர்ந்துகொண்டே போகும் கட்டியை, முக்கியமாக ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியதை, எண்ணெய் போட்டு நீவாமல் ஸ்கேனும் பயாப்ஸியும் (கட்டியில் சிறு துண்டெடுத்துச் செய்யும் சோதனை) செய்யக்கூடிய மருத்துவமனையில் உடனே காட்ட வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
நாமக்கல்.