எங்க புள்ளைங்கள வானத்த பாக்க வச்ச எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். நான் தென்காசி பக்கம் ஒரு அரசு பெண்கள் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் டீச்சர். எங்க ஸ்பேஸ் கிளப்புக்கு கை கொடுத்தவங்களுக்கு ஒவ்வொருத்தரா போன் பண்ணி நன்றி சொல்லணும்னு பேர் எழுத ஆரம்பிச்சேன், நோட்டுல ரெண்டு பக்கம் தாண்டிருச்சு, அதான் மொத்தமா இங்கயே எழுதுறேன்.

எங்களுக்கு எல்லாம் ஆரம்பிச்சது 2023 செப்டம்பர் 2. சூரியன ஆராயப் போன இஸ்ரோவோட ஆதித்யா எல்1 பகல் 11.50க்கு ஸ்ரீஹரிகோட்டால இருந்து கிளம்புன நாள். சனிக்கிழமை லீவுதான், ஆனாலும் பதினேழு புள்ளைங்க வந்துட்டாங்க, என் போன டிபன் பாக்ஸ் மேல சாச்சு வச்சு எல்லாரும் தலைய தலைய நீட்டி பாத்தோம். ராக்கெட் போனப்ப கை தட்டுனாங்க, அது எப்பவும் நடக்குறதுதான். அப்புறம் ப்ராஜெக்ட் டைரக்டர் நிகர் ஷாஜி மேடம் பேசுனாங்க. இவங்க செங்கோட்டைக்காரங்கன்னு நான் சொன்னதும் எட்டாவது புள்ள ஒண்ணு கேட்டுச்சு, "டெல்லி செங்கோட்டையா டீச்சர், நம்ம செங்கோட்டையா?" நம்ம செங்கோட்டைதான்டா, அங்க கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சு, திருநெல்வேலி கவர்மெண்ட் இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சு, 1987ல இஸ்ரோல சேந்தவங்கன்னு சொன்னேன். யாரும் கொஞ்ச நேரம் பேசல. நம்ம ஊர்ல இருந்து அரை மணி நேர பஸ்ல இருக்குற ஊரு அது. திங்கட்கிழமை காலைல கிளப்ல சேரணும்னு நாப்பது புள்ளைங்க நின்னுச்சு.

மொத நன்றி அதனால நிகர் ஷாஜி மேடத்துக்குத்தான், அவங்களுக்கு எங்கள தெரியாது, தெரியலன்னாலும் பரவால்ல. கூடவே வளர்மதி மேடத்துக்கும். இஸ்ரோல ராக்கெட் போறப்ப கவுண்ட்டவுன் சொன்ன அந்தக் குரல் அவங்களோடதுதான். ஆதித்யா கிளம்புன அதே செப்டம்பர் ஆரம்பத்துல அவங்க இறந்துட்டாங்க. அந்த வாரம் அசெம்பிளில ஒரு நிமிஷம் அமைதியா நின்னோம், அப்புறம் ஒரு புள்ள தானா மைக் வாங்கி பத்துல இருந்து பூஜ்யம் வரைக்கும் எண்ணுச்சு, நான் அழுதுட்டேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல டிடிபி கடை வச்சிருக்குற தம்பிக்கு நன்றி. 2014 செப்டம்பர் 24 மங்கள்யான் செவ்வாய சுத்த ஆரம்பிச்ச அன்னைக்கு இஸ்ரோ மேடம்ங்க சேலை கட்டி தலையில பூ வச்சு சிரிச்சுட்டு நின்ன போட்டோ இருக்குல்ல, அத பெருசா கலர் பிரிண்ட் போட்டு காசே வாங்காம கொடுத்தாரு. சயின்டிஸ்ட் படம் வரைங்கன்னு முன்னாடி சொன்னா எல்லா புள்ளையும் வெள்ளக் கோட்டு போட்ட தாத்தாவத்தான் வரையும். அந்தப் படத்துல இருக்குறவங்க ஆபீஸ் ஸ்டாஃப்னு இஸ்ரோ பின்னாடி சொல்லுச்சு, ஆனாலும் அது கிளாஸ் சுவத்துல ஏறுனதுக்கு அப்புறம் பூ வச்ச சயின்டிஸ்ட் வந்துருச்சு.

கேபிள் டிவி அண்ணன பத்தி என்ன சொல்ல. ஞாயித்துக்கெழம சாயங்காலம் அரை மணி நேரம் லோக்கல் சேனல்ல புள்ளைங்களே ப்ரோக்ராம் பண்ணட்டும்னு சும்மா கொடுத்தாரு, பன்னெண்டு வாரம், ஒரு விளம்பரத்துக்கும் அத விட்டுக் கொடுக்கல. எழுதுறது, பேசுறது, போன்ல எடுத்து எடிட் பண்றது எல்லாம் புள்ளைங்கதான். இதுல நான் எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு. தன் மக டிவில பூமிக்கும், ஆதித்யா போயி சூரியன பாக்குற எல்1 பாயிண்டுக்கும் 15 லட்சம் கிலோமீட்டர்னு சொல்றத கேட்ட அப்பா, மறுநாள் டீக்கடைல நாலு பேருக்கு அத சொல்லிருக்காரு. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்னு மொத மாசம் என்கிட்ட கேட்டவரும் அவருதான். நான் எத்தன பேரண்ட்ஸ் மீட்டிங் போட்டாலும் இது நடந்திருக்காது.

மகேந்திரகிரில இஸ்ரோ ராக்கெட் இன்ஜின் டெஸ்ட் பண்ற இடத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆன அம்மா ஒருத்தங்க, பேரு போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அவங்க மூணு தடவ பஸ் புடிச்சு வந்தாங்க. கிரையோஜெனிக் இன்ஜின, அதாவது ரொம்ப குளிர வச்ச எரிபொருள்ல ஓடுற ராக்கெட் இன்ஜின, போர்டுல படம் போட்டு ஆரம்பிக்கல. வடை போடுற எண்ணெய் எவ்ளோ சூடுன்னு கேட்டாங்க, கிட்டத்தட்ட 180 டிகிரி, அதே அளவு பூஜ்யத்துக்கு கீழ போனா நம்ம மூச்சு விடுற ஆக்சிஜன் தண்ணி மாதிரி ஆயிரும், மைனஸ் 183, ஹைட்ரஜனுக்கு இன்னும் கீழ, மைனஸ் 253 வரைக்கும் போகணும், அந்த ரெண்டையும் ஒரே ராக்கெட்ல பக்கத்து பக்கத்து டேங்க்ல வச்சு எரிக்கணும், இப்ப சொல்லுங்க இது ஈசியான்னு கேட்டாங்க. அம்மா, உங்களப் பாத்துட்டு இன்ஜினியரிங் எடுக்கணும்னு நாலு புள்ளைங்க லெவன்த்ல மேத்ஸ் க்ரூப்ல சேந்திருக்கு.

அப்புறம் 2025 ஜனவரி 4. டெலஸ்கோப் ராத்திரி. பொம்பளப் புள்ளைங்கள ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் ஸ்கூல்ல வைக்கணும்னு கேட்டதும் பாதி வீட்ல முடியாதுன்னுட்டாங்க, அவங்க பயம் நியாயம்தான். வேன் தர்றோம்னு சொன்ன ஒரு இடத்துல மொத நாள் சாயங்காலம் கைய விரிச்சுட்டாங்க. எங்க ஹெச்.எம். மேடம் ஒரே வார்த்த சொன்னாங்க, அப்ப அம்மாமாரையும் வரச் சொல்லுங்க. ஸ்டாண்ட் ஆட்டோ அண்ணன்மார் ஆறு பேரு நடைக்கு நடை வந்து அத்தன பேரையும் கூட்டிட்டு வந்து, திரும்ப வாசல்ல இறக்கி விட்டாங்க, பெட்ரோல் காசு கூட வாங்கல. இத என்னால மறக்க முடியாது.

மதுரைல இருந்து அஸ்ட்ரானமி தம்பிங்க ரெண்டு பேரு டெலஸ்கோப்ப மடியில வச்சு பஸ்ல கொண்டு வந்தாங்க. சனி கோள பாத்துட்டு மொதல்ல புள்ளைங்களுக்கு ஏமாத்தம், புத்தகத்துல இருக்குற வளையம் காணோம், ஊசி குத்துன மாதிரி ஒரு மெல்லிசு கோடுதான். அந்த வருஷம் மார்ச்ல வளையம் நமக்கு விளிம்பு பக்கமா திரும்புது, அதுக்குத்தான் இப்பவே இப்படி தெரியுதுன்னு தம்பி ஒரு சிடிய சாச்சு சாச்சு காட்டுனதும் புரிஞ்சுருச்சு, திரும்பவும் க்யூல நின்னாங்க. வியாழன் பாக்குறப்ப அது டெலஸ்கோப்ல நிக்கவே மாட்டேங்குது, கொஞ்ச நேரத்துல ஓரமா நழுவி போயிருது, டீச்சர் ஓடுது ஓடுதுன்னு ஒரே சத்தம். ஏழாவது புள்ள, கிளாஸ்ல வாயே திறக்காது, கண்ண எடுக்காமலே சொல்லுச்சு, "அது ஓடல டீச்சர், நாமதான் ஓடுறோம்." பூமி மணிக்கு 15 டிகிரி சுத்துதுன்னு நான் எத்தன வருஷமா போர்டுல எழுதிருக்கேன், அந்தப் புள்ள அன்னைக்கு அத கண்ணால பாத்துருச்சு.

அம்மாமாருக்கு நான் தனியா நன்றி சொல்லணும். கடைசியாத்தான் நாங்க பாக்குறோம்னு ஒதுங்கியே நின்னீங்க, புள்ளைங்கதான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துச்சு. பீடி சுத்துற அக்கா ஒருத்தங்க நிலாவோட குழியெல்லாம் பாத்துட்டு நகரவே இல்ல, பின்னாடி இருந்தவங்களும் ஒண்ணும் சொல்லல. எட்டரைக்கு மேல அவங்க மக பக்கத்துல நின்னு, அந்தக் குழி எப்படி வந்துச்சுன்னு அவங்களுக்கு சொல்லிக் கொடுத்துட்டு இருந்துச்சு. வாட்ச்மேன் ஐயாதான் எங்களுக்காக கிரவுண்டு லைட்ட எல்லாம் அணைச்சுட்டு பத்து மணி வரைக்கும் கேட்ல நின்னாரு. ஐயா, நீங்க மட்டும் அன்னைக்கு பாக்கல, அடுத்த தடவ உங்களுக்குத்தான் மொத வரிசை.