பளபளப்பைவிடப் பச்சையைக் கவனியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் செம்புக் குவளைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் துலக்க ஒரு வழி சொல்லியிருந்தீர்கள். எலுமிச்சைச் சாறு, வினிகர், சமையல் சோடா மூன்றையும் கலந்து, நுரை பொங்கும்போதே பாத்திரத்தில் ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிட வேண்டுமாம். பொருள்கள் மூன்றும் நல்லவைதான். சேர்த்த விதமும் ஊறவைக்கச் சொன்ன நேரமும்தான் என்னை எழுதவைத்தன.

முதலில் அந்த நுரை. பார்ப்பதற்கு அழுக்கெல்லாம் பொங்கி வெளியேறுவதுபோல் இருக்கும். உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும்போது வெளியேறும் கரியமில வாயு அது. நுரை அடங்கியபின் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் அதில் கரைந்த ஒருவகை உப்பும்தான் (சமையல் உப்பு அல்ல). கறையைக் கரைக்க வேண்டிய அமிலம் சோடாவோடு சண்டையிட்டே தீர்ந்துபோய்விடுகிறது. சோடாவுக்கு வேலை உண்டு, ஆனால் அது கடைசியில் வரும் வேலை. புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு, ஒரு சிட்டிகை சோடா கலந்த நீரை உள்ளே சுழற்றி ஊற்றினால் ஒட்டியிருக்கும் புளிப்பு முறிந்துவிடும். பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை அலச வேண்டும்.

சோடா குறைவாகவும் வினிகர் அதிகமாகவும் விழுந்துவிட்டால் நிலைமை வேறு. இரவு முழுவதும் செம்போடு இருப்பது அமிலம். பழங்காலத்தில் ஓவியர்களுக்கான பச்சை வண்ணத்தை எப்படித் தயாரித்தார்கள் தெரியுமா? செப்புத் தகடுகளைப் புளித்த திராட்சை மதுவின் ஆவி படும்படி வைத்துவிடுவார்கள். தகட்டின்மேல் பூக்கும் பச்சையைச் சுரண்டி எடுப்பார்கள். வினிகரில் ஊறும் குவளையிலும், குறிப்பாக நீர்மட்டத்துக்குச் சற்று மேலே காற்றும் அமிலமும் சேர்ந்து படும் இடத்தில், அதே வேலைதான் நடக்கிறது. அந்தப் பச்சை நச்சுள்ளது. 'இரவு முழுவதும்' என்பதை 'ஓரிரு நிமிடம்' என்று திருத்தி வெளியிடுவது இதழுக்கு அழகு.

ஓரிரு நிமிடம் போதுமா என்று கேட்பவர்கள், ஊறிய புளியைச் சக்கையோடு எடுத்து, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, பழுப்பேறிய செம்பின்மேல் விரலால் ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும். விரல் போன தடத்தில் இளஞ்சிவப்பு தெரியும். சக்கை கருத்துப்போகும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம், மோரில் உள்ள லாக்டிக் அமிலம் எல்லாமே செம்பின்மேல் படியும் ஆக்சைடைக் கரைக்கக்கூடியவை. உப்பு வெறும் சொரசொரப்புக்காகச் சேர்ப்பதல்ல. அதிலுள்ள குளோரைடு, கரையும் செம்பைப் பிடித்துக்கொண்டு வேலையை விரைவாக்குகிறது. உப்பில்லாத எலுமிச்சை மந்தம்தான். கறை போனபின்னும் அமிலத்தை விட்டுவைத்தால் அது அடுத்துக் கை வைப்பது செம்பின்மேலேயே. சரியாகக் கழுவாத பாத்திரம் மறுநாளே திட்டுத் திட்டாகக் கருப்பதும் இதனால்தான்.

இன்னொன்று. எல்லா நிறமாற்றமும் அழுக்கு அல்ல. செம்பையும் அதன்மேல் தானாகப் படியும் களிம்பையும் பிரிக்க முடியாது என்றுதான் சைவ சித்தாந்திகள் அந்தக் களிம்பை, உயிரோடு ஒட்டியே இருக்கும் அறியாமையான ஆணவ மலத்துக்கு உவமையாக எடுத்தார்கள். தேன் நிறத்திலிருந்து பழுப்புக்குப் போகும் மெல்லிய படலம் உலோகத்தை ஓரளவு காக்கவும் செய்கிறது. தினமும் புளி போட்டுப் பொன்போல மினுக்குகிறவர்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் செம்பைக் கழுவித் தள்ளுகிறார்கள். பழுப்பை விட்டுவிடலாம், பச்சையை விடக்கூடாது. என் கணக்கு அவ்வளவுதான்.

பச்சை எங்கே ஒளியும் என்பதையும் உங்கள் குறிப்பு சொல்லவில்லை. பாட்டிலின் வயிற்றுப் பகுதி பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். திருகு மூடியைக் கழற்றி, அதற்குள் இருக்கும் ரப்பர் வாஷரை ஊசி முனையால் நெம்பி எடுத்துப் பாருங்கள். மரையின் பள்ளத்தில் நீலப்பச்சைத் தூள் வரிவரியாகப் படிந்திருக்கும். ஒவ்வொரு மடக்குத் தண்ணீரும் அதன் பக்கமாகத்தான் வாய்க்கு வருகிறது. பழைய பல் துலக்கும் பிரஷில் எலுமிச்சையும் உப்பும் தொட்டு அங்கே தேய்க்க வேண்டும். கை நுழையாத கழுத்துக்குள், கல் உப்பும் எலுமிச்சைச் சாறும் சிறிது தண்ணீரும் ஊற்றிக் குலுக்கினால் போதும். இரும்பு நாரைக் கையிலேயே எடுக்காதீர்கள். அது போடும் கீறல்களில் அடுத்த களிம்பு வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

கழுவியதும் துணியால் துடைத்து, மூடியைத் தனியே வைத்துக் காயவிடுவது எந்தப் புளியையும்விடப் பெரிய பராமரிப்பு. ஈரத்தோடு மூடி வைத்த பாட்டிலை எதுவும் காப்பாற்றாது.

செம்பில் வைத்த நீரைப் பற்றி அச்சமூட்டுவது என் நோக்கமல்ல. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அழிந்தன. நீரில் கலந்த செம்பின் அளவோ, உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவைவிட வெகு குறைவாக இருந்தது. அது வெறும் தண்ணீருக்கான கதை. அதே குவளையில் எலுமிச்சைச் சாறோ மோரோ ஊற்றி வைத்தால், துலக்கும்போது நடந்தது குடிக்கும் பானத்திலேயே நடக்கும். குமட்டலும் வயிற்றுவலியும் வர அதுவே போதும். செம்பு உடலில் தங்கிவிடும் வில்சன் நோய் உள்ளவர்கள் இந்தப் பாத்திரங்களையே தவிர்க்க வேண்டும்.

கடைசியாக, தேய்ப்பதற்குமுன் கையில் இருப்பது செம்புதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காந்தம் ஒட்டினால் முழுச் செம்பு அல்ல. ஒட்டாவிட்டாலும் உறுதி சொல்ல முடியாது, எஃகின்மேல் செம்புப் பூச்சு பூசிய குவளைகளிலும் ஒட்டாமல் போகலாம். உப்பும் எலுமிச்சையும் பட்டும் நிறம் சற்றும் மாறவில்லையென்றால் மேலே நிறமற்ற அரக்குப் பூச்சு இருக்கக்கூடும். விடாப்பிடியாகத் தேய்த்தால் பூச்சுதான் உரியும். உட்புறம் வெள்ளி நிறத்தில் இருந்தால் அது வெள்ளீயப் பூச்சாக (நச்சுள்ள காரீயம் அல்ல) இருக்கலாம். அந்தப் பூச்சு மென்மையானது, உப்பு போட்டுத் தேய்த்தால் தேய்ந்து அடியிலுள்ள செம்பு வெளியே வந்துவிடும். இவற்றுக்கெல்லாம் மென்மையான துணியும் சோப்பு நீருமே போதும்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகி