கயல்விழிக்கு: உன் புல் வெட்டும் வண்டி பற்றி

மன்னார்குடி,
ஜூன் 14

அன்பு மகள் கயல்விழிக்கு, அப்பா ஆசிகளுடன் எழுதுவது.

நீ அனுப்பிய என்ஜின் சத்தத்தை நேற்று இரவு திண்ணையில் உட்கார்ந்து நாலு முறை கேட்டேன். ஊம் என்று ஏறுகிறது, அணையப் போவதுபோல் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. விட்டுவிட்டு அடித்தால் பிளக்கைச் சந்தேகிப்பேன். இது ஒரே சீராக ஏறி இறங்குகிறது. பெட்ரோல் போதாத சத்தம். கடையில் என்ஜினையே மாற்றச் சொன்னார்கள் என்றாயே, அதற்குள் ஒப்புக்கொள்ளாதே அம்மா.

பெட்ரோல் குறைந்தால் வேகம் விழும். உடனே, வேகத்தை ஒரே அளவில் வைக்கும் கவர்னர், என்ஜினுக்குள் போகும் கலவையின் வழியான திராட்டிலைத் திறந்துவிடும். வேகம் மிஞ்சியதும் மூடும், மூடியதும் மறுபடி விழும். கவர்னர் தன் வேலையைத்தான் செய்கிறது. அதன் ஸ்பிரிங்கில் மட்டும் கை வைக்காதே.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. மூன்று வருடத்துக்கு முன் குறுவை நடவு நேரத்தில் நம் நடவு இயந்திரம் இப்படித்தான் ஓடியது. தட்டில் பாய்போல் வளர்த்த நாற்றுக்கு 15 நாள் ஆகிவிட்டது; இன்னும் நாலு நாள் போனால் முற்றி, இயந்திரத்துக்கு ஆகாது. அந்தப் பதற்றத்தில் ஸ்பிரிங்கை வேறு துளையில் மாட்டினேன். என்ஜின் அலறிய அலறலில், அணைப்பதற்குள் கை நடுங்கிவிட்டது. அளவு மீறிச் சுற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு முறிந்து என்ஜின் கூட்டையே உடைத்துவிடும்.

பம்பு செட் பார்க்கும் பெரியவர் ஒருவர்தான் வந்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை இறக்கினார். உள்ளிருந்து, பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளை ஜெட் ஒன்றை எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். வெளிச்சமே தெரியவில்லை. ஊசிமுனை அளவுத் துளையில் காய்ந்த வெல்லப்பாகு நிறத்தில் பசை. தாளடி நடவு முடிந்ததும் டாங்கில் அப்படியே விட்ட பெட்ரோல் ஏழு மாதத்தில் செய்த வேலை அது. உன் வண்டியும் பனிக்காலம் முழுக்கப் பெட்ரோலோடு கராஜில் நின்றது என்றாய். பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

முதலில் வண்டியை வெளியே திறந்த இடத்துக்குக் கொண்டு வா. மூடிய கராஜில் என்ஜினை ஓட்டவே கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும். பிளேடு சுற்றாமல் நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, என்ஜின் ஓடும்போது, காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்துப் பார். சத்தம் சமனாகிவிட்டால் நான் சொன்னதுதான்: ஜெட் அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள பேக்கிங்கில் காற்று புகும். டாங்க் மூடியைச் சற்றுத் தளர்த்தியும் பார். மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் பெட்ரோல் இறங்காது.

கழற்றுவதற்கு முன் என்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக் ஒயரை எடுத்துவிடு, இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டையும். இதில் சோம்பல் காட்டாதே, அடியில் இருப்பது பிளேடு. பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, பெட்ரோல் ஃபில்டரை மாற்று. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் மின்கம்பி செருகியிருந்தால் அது பெட்ரோலை நிறுத்தும் சொலினாய்டு. கம்பியை இழுக்காமல் செருகியைப் பிடித்துக் கழற்று. ஜெட்டில் இரும்புக் கம்பி நுழைக்காதே, பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனர் தெளித்து ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். கண்ணில் படாமல் கண்ணாடி போட்டுக்கொள். பேக்கிங் மட்டும் புதிதாகப் போடு. எடுக்கும் முன் கவர்னரின் லிங்க் கம்பி, ஸ்பிரிங் எந்தெந்தத் துளையில் இருக்கின்றன என்று போனில் படம் பிடித்து வை. மாப்பிள்ளையைப் பக்கத்தில் நிற்கச் சொல், அவர் பாகங்களை வரிசையாக ஒரு துணியில் வைக்கட்டும்.

மேட்டூர் அணையில் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தாயிற்று. நம் ஊர்ப் பாமணியாற்றுக்கு அது வர இன்னும் சில நாள் ஆகும். அதற்குள் நம் இயந்திரத்தின் டாங்கையும் கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றப் போகிறேன். அம்மா உன் முழங்கை வலி எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள்.

பூட்டி முடித்து ஓட விட்டதும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு. இங்கே நடு இரவாக இருந்தாலும் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா