அன்று ஏன் எழுந்து போனேன் என்றால்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவின் முழங்கால் நோவு குறைந்து, மொட்டைமாடிக்கு ஏறித் துணி காயப்போடும் அளவுக்கு வந்துவிட்டாள்.

தொலைபேசியில் சொல்லக்கூடியதென்றால் சொல்லியிருப்பேன். வீடியோவில் பேரனின் முகத்தைக் கண்டதும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோகிறது. அதனால் காகிதத்தை எடுத்தேன்.

போன மாதங்களில் உன் அலுமாரியை ஒதுக்கும்போது 'ஃபயர்ஃப்ளை' என்ற அமெரிக்க விண்வெளிக் கப்பல் தொடரின் டிவிடிப் பெட்டி அகப்பட்டது. ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா உனக்கு அனுப்பியது. நான்கு வட்டுகளிலும் ஒரு கீறல்கூட இல்லை. அவ்வளவு கவனமாக வைத்திருந்திருக்கிறாய். நமது பிளேயர் எப்போதோ போய்விட்டது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஏறி இறங்கி, பழுதுபார்த்த ஒன்றை வாங்கி வந்தேன். சனிக்கிழமை இரவுக்கு ஒன்றாக எட்டுப் பகுதிகள் பார்த்தாயிற்று.

2006 இல் நீ தரம் 10. பொழுது சாய்ந்தபின் வெளியே போவதை நாம் குறைத்துக்கொண்ட காலம் அது. பார்ன்ஸ் பிளேஸில் விண்வெளிக் கதை எழுதும் ஆர்தர் சி. கிளார்க் இருக்கும் வீட்டின் வாசலையாவது காட்டுங்கள் என்று நீ கேட்டு, நான் பகலில் ஒருநாள் கூட்டிப்போனேன். இரவில் நமக்கு அந்தத் தொடர்தான். கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போதெல்லாம் பேச்சு கேட்காது. நீ நிறுத்திவிட்டு, ரயில் கடந்ததும் திரும்ப ஓடவிடுவாய். கப்பலுக்கு வெளியே காட்சி போனால் மட்டும் நிறுத்தமாட்டாய். அங்கே காற்றில்லை, ஆகவே சத்தமும் இல்லை, மற்றப் படங்களைப்போல இவர்கள் பொய்யாக இரைச்சல் வைக்கவில்லை என்று எனக்கு விளக்கினாய். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு தெரிகிறதே என்று அன்று எனக்கு வந்த பெருமை இன்னும் அப்படியே இருக்கிறது.

அப்போது சரியாகக் கவனிக்காத ஒன்றை இந்தமுறை பிடித்தேன். முதற்பகுதியில், கப்பலின் இயந்திரம் பார்க்கும் கேலி என்ற பெண், எஞ்சினுக்குப் புதிய கொம்பிரஷன் கொயில் ஒன்று வேண்டும் என்று தலைவர் மாலிடம் கேட்கிறாள். அவர் அதைத் தட்டிக் கழித்துவிடுகிறார். எட்டாம் பகுதியில் அதே கொயிலின் ஒரு சிறு பாகம் உடைந்துதான் கப்பல் வெட்டவெளியில் செத்து நிற்கிறது, மூச்சுக் காற்று தீர்ந்துகொண்டு போகிறது. பஞ்சிகாவத்தையில் இருபத்தைந்து வருடம் வாகன உதிரிப்பாகம் விற்றவனுக்கு இது கதையே அல்ல. "இன்னும் ஒரு மாதம் ஓடட்டும் அண்ணன்" என்று சின்னப் பாகத்தை வாங்காமல் போனவர்கள், பிறகு லொறியை இழுத்துக்கொண்டு வந்து நின்ற எத்தனையோ நாட்களைப் பார்த்திருக்கிறேன். கேலி என்ற பாத்திரத்தில் நடித்த ஜுவல் ஸ்டெய்ட் அந்த உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும் பார்வை, நல்ல மெக்கானிக் ஒருவரின் பார்வை. நீ மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் எடுக்கப்போகிறேன் என்று நின்றபோது அம்மா யோசித்தாள், நான் யோசிக்கவில்லை. அதற்குக் கேலியும் ஒரு காரணம்.

இப்படி முதற்பகுதியில் விதைத்ததை எட்டாவதில் அறுக்கும் கதையை, அமெரிக்காவில் அந்த ஃபாக்ஸ் தொலைக்காட்சி தலைகீழாகக் காட்டியிருக்கிறது. 2002 செப்டெம்பர் 20 இல் இரண்டாம் பகுதியைக் கொண்டு தொடங்கி, முதற்பகுதியை டிசம்பர் 20 இல், எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போட்டார்கள். கொயில் உடைந்து இரண்டு மாதம் கழித்து, அதை வாங்கித் தரும்படி கேலி கேட்கிறாள்! எடுத்தவை 14, அங்கே ஒளிபரப்பியவை 11. பார்க்கிறவர்கள் குறைவு என்று நிறுத்திவிட்டார்கள். ஒழுங்கு குலைந்த வீட்டுக்குள் யார் வந்து தங்குவார்கள்? அந்த அநியாயத்தை நினைக்க எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. டிவிடி வந்தபிறகுதான் சனம் அதைச் சரியான வரிசையில் பார்த்தது. 2005 இல் படமாகவும் வந்தது. 2007 இல் ஸ்டீவன் சுவான்சன் என்ற விண்வெளி வீரர் இந்த வட்டுகளைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோனார் என்று நீதான் ஓடிவந்து சொன்னாய்.

இனி, நான் எழுத வந்த விஷயம்.

அன்று ஒருநாள் பாதியில் எழுந்து பல்கனிக்குப் போய்விட்டேன். நீ பின்னால் வந்து, "ஏன் அப்பா எழுந்து வந்துவிட்டீர்கள்?" என்று கேட்டாய். தலையிடி என்றேன். நீ நம்பவில்லை. அடுத்தநாள் அம்மாவிடம், "யுத்தக் காட்சிகள் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொன்னாயாம். செரினிட்டிப் பள்ளத்தாக்குச் சண்டையில் தோற்ற பக்கத்தில் நின்ற மால், தன் கப்பலுக்கு அந்த இடத்தின் பெயரையே வைத்திருக்கிறார். அதைப் பார்த்து எனக்கு ஊர் நினைவு வந்திருக்கும் என்று நீ எண்ணியது நியாயம். ஆனால் அது அல்ல, பிள்ளை. அந்தச் சண்டைக் காட்சியை நான் முழுவதும் பார்த்தேன். எழுந்து போனது ஐந்தாம் பகுதியில்.

அதில் புக் என்ற பாதிரியாருக்குச் சூடு பட்டுவிடுகிறது. (அவராக நடித்த ரொன் கிளாஸ் 2016 இல் காலமாகிவிட்டார். என்ன சாந்தமான முகம்!) அதே நேரம் வைத்தியர் சைமனையும் தங்கை ரிவரையும் மலைச்சனம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறது. தேடிக்கொண்டு நின்றால் புக் இறந்துவிடுவார். மால் இருவரையும் விட்டுவிட்டுக் கப்பலை எடுக்கிறார். பிறகு திரும்பி வருகிறார். ரிவரைச் சூனியக்காரி என்று கம்பத்தில் கட்டி எரிக்கப்போகும் அந்த நேரத்தில், தலைக்குமேல் கப்பல் வந்து நிற்கிறது. அந்த இடத்தில்தான் எழுந்தேன்.

1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது நாம் கொக்குவில் வீட்டை விட்டு வெளிக்கிட்ட இரவு உனக்கு நான்கு வயது, நல்ல காய்ச்சல். சைக்கிள் பாரில் உன்னை வைத்திருந்தேன். அம்மா பையைத் தூக்கினாள். அப்பம்மா வரமாட்டேன் என்று திண்ணையில் இருந்துவிட்டார். மாட்டை யார் அவிழ்ப்பது, கிணற்றடி வாழைக்கு யார் தண்ணீர் விடுவது என்றார். மழை தூறத் தொடங்கிவிட்டது. "பிள்ளையை ஓரிடத்தில் விட்டுவிட்டு நாளைப் பின்னேரம் வந்து கூட்டிப்போகிறேன்" என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே நமக்கு விடிந்துவிட்டது. பின்னால் வந்துகொண்டிருந்த சனத்துக்கு எதிராக ஓர் அடி வைக்க இடமில்லை. அடுத்த நாள் போக முடியவில்லை. அதற்கடுத்த நாளும் முடியவில்லை. சாவகச்சேரியில் பள்ளிக்கூடத்துத் தரையில் உன் காய்ச்சல் இறங்கியது; பாதை இறங்கவில்லை.

1996 சித்திரை கழித்து நான் வீட்டுக்குத் திரும்பிப் போனபோது அப்பம்மா மாசியிலேயே போய்விட்டிருந்தார். ஊரோடு நின்ற இரண்டு மூன்று கிழவர்கள் காரியத்தைச் செய்திருக்கிறார்கள். யார் கொள்ளி வைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. உனக்குச் சொன்னது "வருத்தம் வந்து இறந்துவிட்டார்" என்பது மட்டும். அது பொய்யல்ல, ஆனால் முழுவதும் அல்ல.

உன் காய்ச்சலை இதில் எழுதியது உன்மேல் எதையும் ஏற்றுவதற்கல்ல. அன்று உன்னைத் தூக்கிக்கொண்டு போனதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. இன்றைக்கும் அதையே செய்வேன். நாளை வருகிறேன் என்று சொன்ன அந்தச் சொல்தான் திண்ணையிலேயே நிற்கிறது.

இந்தமுறை எழும்பாமல் இருந்து பார்த்தேன். காப்பாற்றியபின், என்னை உமக்குப் பிடிக்கவே பிடிக்காதே, ஏன் திரும்பி வந்தீர் என்று சைமன் கேட்கிறான். நீ என் ஆட்களில் ஒருவன், இதைப்பற்றி இன்னும் ஏன் பேசுகிறோம் என்கிறார் மால். அவ்வளவுதான் பதில். 2006 இல் இந்தப் பதிலை நான் கேட்கவில்லை. அதற்குள் பல்கனியில் நின்றேன். ரயில் ஏதும் வராத நேரம், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அழுதேன். அம்மா வந்து பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், அந்த இரவு அவளும் வாசலில் நின்றவள்தானே.

உனக்கும் தெரியவேண்டும் என்று மூன்று வாரமாக யோசித்து எழுதியிருக்கிறேன். அப்பம்மாவின் திவசம் மாசியில் வருகிறது. இந்தமுறை இணுவில் மருதனார்மடப் பக்கம் தங்கி, கொக்குவிலில் வைத்துச் செய்ய நினைக்கிறேன். நீயும் வர முடியுமா என்று பார். லீவு கிடைக்காவிட்டால் மனவருத்தப்படாதே.

மிச்சம் ஆறு பகுதிகளைத் தொடாமல் வைத்திருக்கிறேன். பேரனுக்கு இன்னும் சரியாக விளங்கும் வயதில்லை என்றாலும், சத்தமில்லாமல் கப்பல் போகும் காட்சியை மட்டும் அவனுக்குக் காட்டலாம். ஏன் சத்தமில்லை என்று நீயே சொல்லிக்கொடு.

அன்புடன்,
அப்பா