இரவு இழுப்பும் ராச்சாப்பாட்டு நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ஆஸ்துமா பற்றி வெளியான கட்டுரையில் தூசி, புகை, மழைக்காலத்துச் சுவர்ப் பூஞ்சை, பூனை நாய் ரோமம் என்று மூச்சிரைப்பைத் தூண்டுபவை வரிசையாகச் சொல்லப்பட்டிருந்தன. வயிறு மட்டும் விடுபட்டிருந்தது. அதே வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், ஆஸ்துமாவுக்கு மூலகாரணமே வயிற்றுப் புளிப்புதான், பம்ப்பை (மருந்தை உறிஞ்சும் இன்ஹேலரை) தூக்கி எறிந்துவிட்டு கேஸ் மாத்திரை போட்டால் போதும் என்றொரு செய்தி சுற்றி வந்தது. முன்னது குறை, பின்னது ஆபத்தான மிகை. பன்னிரண்டு ஆண்டுகளாக இழுப்போடு காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மும்பை முலுண்டில் குடியிருந்துகொண்டு ஃபோர்ட் பகுதியில் கணக்கர் வேலை பார்க்கும் எனக்கு வயது 54. அலுவலகம் முடிந்து லோக்கல் பிடித்து வீடு சேர இரவு பத்து மணி ஆகும். மதியத்துக்குப் பிறகு இரண்டு கட்டிங் சாயும் ஒரு வடா பாவும் மட்டுமே கண்ட வயிற்றுக்குச் சாதம், சாம்பார், பொரியல், தயிர் என்று முழுச் சாப்பாடு கிடைப்பது அப்போதுதான். பத்தே முக்காலுக்குப் படுக்கை. இரண்டு மணி வாக்கில் தொண்டைவரை புளிப்பாக எதுக்களித்து விழிப்பு வரும். இருமலில் தொடங்கி இழுப்பில் கொண்டுபோய் விடும். சன்னல் கம்பியைப் பிடித்து நின்றபடி பம்ப்பை அடித்துவிட்டு, விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்த இரவுகள் பல. பார்த்த மருத்துவர்கள் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். எட்டாவது ஆண்டில்தான் ஒரு மருத்துவர், "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எழுந்திருக்கும்போது வாய் புளிக்கிறதா?" என்று கேட்டார். நெஞ்செரிச்சல் வேறு, மூச்சு வேறு என்று நினைத்திருந்த நானும் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

உணவுக்குழாயின் அடியில் உள்ள சுருக்குத்தசை தளரும்போது வயிற்று அமிலம் மேலேறுகிறது. அதில் துளியளவு, தூக்கத்தில் நாம் அறியாமலே, குரல்வளை வழியாக மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் அங்கே எரிச்சலும் இறுக்கமும் உண்டாகும். அமிலம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் போதும்: கருவில் உணவுக்குழாயும் மூச்சுக்குழலும் ஒரே குழாயிலிருந்து பிரிந்து வளர்ந்தவை, இரண்டுக்கும் மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பே பொது என்பதால், உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் அமிலம் பட்டாலே மூச்சுக்குழல் அனிச்சையாகச் சுருங்கக்கூடும் என்று அந்த மருத்துவர் காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. கனடா மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1892-இல் வெளியிட்ட மருத்துவ நூலிலேயே, ஆஸ்துமா நோயாளிகள் இரவு இழுப்புக்குப் பயந்து பெரிய சாப்பாட்டை நண்பகலுக்கு மாற்றிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.

மறுபக்கமும் உண்டு. இழுப்பு வந்து காற்று வெளியேறாமல் நெஞ்சு உப்பும்போது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கீழே தள்ளப்பட்டு, சுருக்குத்தசைக்கு அது தரும் முட்டு குறைந்துவிடுகிறது. அதனால் எதுக்களிப்பு கூடுகிறது. மூச்சுக்குழலை விரிக்கக் கொடுக்கும் தியோபிலின் வகை மாத்திரைகளும் அந்தத் தசையைத் தளர்த்தக்கூடியவை. ஆக, இழுப்புக்காக நான் இரவில் விழுங்கிய மாத்திரையே எதுக்களிப்பை வளர்த்திருக்கலாம். எது முதலில் வந்தது என்பதை என் விஷயத்தில் இன்றுவரை யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு இழுப்பு உள்ளவர்கள் எல்லோரும் கேஸ் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். அமெரிக்க நுரையீரல் சங்கத்தின் ஆய்வு மையங்கள், ஆஸ்துமா கட்டுக்குள் வராத, ஆனால் நெஞ்செரிச்சல் இல்லாத அல்லது மிகக் குறைவாக உள்ள 412 பெரியவர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினருக்கு அமிலத்தைக் குறைக்கும் எசோமெப்ரசோல் மாத்திரை 40 மில்லிகிராம் தினம் இருவேளையும் மறுபாதியினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்தன. முடிவு 2009-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது: ஆஸ்துமாவில் இரு பிரிவினருக்கும் வித்தியாசமே இல்லை. பரிசோதனையில் சுமார் 40 சதவீதம் பேருக்கு அமிலம் மேலேறுவது தெரிந்தும், அவர்களுக்கும் பயன் கிட்டவில்லை. எனவே நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் வெளிப்படையாக உள்ளவர்கள் அதற்காகச் சிகிச்சை பெறுவது சரி. அறிகுறியே இல்லாதவர் ஆஸ்துமா மருந்தாக நினைத்து அமில மாத்திரையை விழுங்குவது வீண். எங்கள் கட்டடத்தில் ஆண்டுக்கணக்கில் தாமாகவே விழுங்கி வருபவர்கள் உண்டு. நெடுநாள் எடுத்தால் பி12, மெக்னீசியம் குறையக்கூடும். நம்மில் சைவ உணவுக்காரர்களுக்கு பி12 முன்பே தட்டுப்பாடு. நானோ நெடுங்காலம் அமில மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போட்டு வந்தேன். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டிய மாத்திரை அது.

என் வீட்டில் மாறியவை சில. இரவு உணவு இப்போது மாலை ஆறரைக்கு, அலுவலக மேசையிலேயே, டப்பாவில் கொண்டுபோகும் மூன்று சப்பாத்தியும் கூட்டும். வீடு திரும்பியதும் ஒரு தம்ளர் மோர். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமையோடு சரி என்பதில் என் மனைவிக்கு இன்னும் வருத்தம்தான். கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ் ஆறு அங்குல உயரத்தில் இரண்டு மரக்கட்டைகளைத் தச்சர் பொருத்திக் கொடுத்தார். அதற்கு முன் மூன்று தலையணை அடுக்கிப் பார்த்தேன். அது கழுத்தை மடக்கி வயிற்றை அழுத்தியதே தவிர உதவவில்லை. கட்டை வைத்த முதல் வாரம், விடியும்போது போர்வையோடு கால்மாட்டுக்குச் சறுக்கியிருப்பேன். இரவு விழிப்புகளைக் குறிக்கும் நோட்டில் முன்பு வாரத்துக்கு நான்கைந்து கோடு விழும். இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு. ஆனால் அதே மாதத்தில்தான் பம்ப்பை எப்படி இழுக்க வேண்டும் என்பதையும் அந்த மருத்துவர் திருத்திக் கற்றுக்கொடுத்தார் என்பதால், பெருமை முழுவதையும் மரக்கட்டைக்குக் கொடுக்க நான் தயாரில்லை. பம்ப்பை ஒருநாளும் நிறுத்தவில்லை.

விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக் குறைவு, கறுத்த மலம் ஆகியவை இருந்தால் மாத்திரையோடு நின்றுவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாடிப்படி ஏறுகையில் வரும் நெஞ்சு வலியை கேஸ் என்று தள்ளிப்போடவே கூடாது. அது இதயத்தின் வலியாக இருக்கலாம்.

மே மாத முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினத்தையொட்டித் தாங்கள் மீண்டும் இது பற்றி எழுதுவீர்களானால், தூசிக்கும் புகைக்கும் பக்கத்தில் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கல்யாண், டோம்பிவிலி, விரார் என்று பதினொரு மணிக்கு வீடு சேர்கிற வாசகர்கள் தங்களுக்கு நிறையப் பேர் உண்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முலுண்ட், மும்பை.